குண்டர் சட்டமும் மன்னரின் முத்திரைக் கடிதமும்: சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தமிழ்நாடு சட்டமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்த்து இதை எழுதவில்லை. வழக்கு விசாரணை இல்லாமலே ஒருவரைத் தடுப்புக்காவலில் அடைக்க வழிசெய்யும் சட்டம், 1982-இல் வந்த குண்டர் தடுப்புச் சட்டம். அதை எந்த ஆட்சியும் கைவிட்டதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டு பிரான்சில் 'லெத்ர் த காஷே', அதாவது முத்திரைக் கடிதம், என்றொன்று இருந்தது. மன்னரின் கையெழுத்து, கூடவே ஓர் அமைச்சரின் கையெழுத்து, மடித்து வைத்த முத்திரை. உள்ளே, இன்னாரைப் பிடித்து இன்ன சிறையில் அடை என்று சில வரிகள். வழக்கு, விசாரணை எதுவும் கிடையாது. எப்போது விடுவார்கள் என்பதும் தெரியாது. 1717-இல், அரசப் பிரதிநிதியைக் கிண்டலடித்துக் கவிதை எழுதினார் என்று எழுத்தாளர் வால்டேரைப் பாரிஸின் பாஸ்டில் சிறையில் அடைத்தார்கள். 11 மாதம் உள்ளே இருந்தார். பின்னாளில் பிரெஞ்சுப் புரட்சியின் தலைவர்களில் ஒருவரான மிராபோவின் கதை இன்னும் விசேஷம்: அடங்காத மகன்மீது அப்பாவே இந்தக் கடிதங்களை வாங்கினார்! வென்சென் கோட்டையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த அந்த மகன், 1782-இல் இந்த வழக்கத்தையே கிழித்துத் தொங்கவிட்டு ஒரு நூல் வெளியிட்டார். சரியாக 200 ஆண்டு கழித்து நம் சட்டம் வந்தது.

தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் ஆட்சி செய்யும் அதிகாரமும் பிரியாத இடத்தில் சுதந்திரம் இல்லை என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் மொந்தெஸ்கியு 1748-இலேயே எழுதிவிட்டார். போர்தோ நீதிமன்றத்தில் பதவி வகித்தவர், அனுபவத்தோடுதான் சொன்னார்.

நம்முடையது முத்திரைக் கடிதம் இல்லையே என்பீர்கள். சரிதான். 5 நாளில் காரணம் சொல்ல வேண்டும், காவல் ஆணை சரியா என்று பார்க்க அறிவுரைக் குழுமம் இருக்கிறது, உயர் நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் ஆணை போடுவது கலெக்டரோ போலீஸ் கமிஷனரோதான். குழுமத்தின் முன் வக்கீல் வைத்துக்கொள்ளக் கைதிக்கு உரிமை இல்லை. வால்டேருக்கு 11 மாதம் என்றால், நம் ஊரில் 12 மாதம் வரை வைக்கலாம். ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவர்மீதே, ஜாமீனில் வந்துவிடுவார் என்று சொல்லி குண்டாஸ் போடுகிறார்கள். ஜாமீன் கூடாதென்றால் நீதிபதியிடம் போய் வாதாடுவதுதானே முறை?

இந்தக் காவலை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுக்கள் எதில் ஜெயிக்கின்றன என்று பாருங்கள். கொடுத்த நகலில் சில பக்கங்கள் படிக்க முடியாமல் இருந்தன; ஆவணத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு தரவில்லை; கைதியின் முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதம். அந்த ஆள் உண்மையிலேயே ஆபத்தானவரா என்ற கேள்விக்கு யாரும் போவதில்லை. ஜெராக்ஸ் மங்கலாக விழுந்திருந்தால் விடுதலை, பளிச்சென்று விழுந்திருந்தால் உள்ளே. நிஜமான ரவுடிக்கும் இதில் லாபம்தான். வழக்கை ஒழுங்காக நடத்தித் தண்டனை வாங்கும் வேலை பின்னுக்குப் போய்விடுகிறது. ரவுடிகளுக்குப் பயந்து கடையடைக்கும் வியாபாரியின் கஷ்டம் பொய்யில்லை. அவருக்கு வேண்டியது தண்டனையில் முடிகிற வழக்கு.

தடுப்புக்காவலுக்கு இடம் கொடுப்பது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. அந்த அதிகாரத்துக்குக் கொஞ்சம் கடிவாளம் போட 1978-இல் 44-ஆவது திருத்தம் கொண்டுவந்தார்கள்; அந்தப் பகுதி மட்டும் இன்னும் அமலுக்கு வரவில்லை. அது டெல்லியின் கணக்கு. 1982 சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. குழுமத்தின் முன் வக்கீலை அனுமதிக்க அரசியல் சட்டம் தடை போடவில்லை. ஒரு திருத்த மசோதா போதும். முதல் குற்றச்சாட்டிலேயே குண்டாஸ் போட வழிசெய்த 2014 திருத்தத்தையும் அப்போதே எடுத்துவிடலாம்.

அதுவரை, அடுத்த காவல்துறை மானியக் கோரிக்கை விவாதத்தில் உங்களில் ஒருவராவது எழுந்து கேளுங்கள்: கடந்த ஆண்டு போட்ட ஆணைகளில் எத்தனையை நீதிமன்றம் ரத்து செய்தது, அதற்குள் அந்த ஆட்கள் எத்தனை மாதம் உள்ளே இருந்தார்கள்?

இப்படிக்கு,
உங்களுக்கு வாக்களித்தவர்களில் ஒருவன்