ஆஸ்பத்திரி எதிர் டீக்கடை அண்ணனுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை. அடுத்த வாரம் நான் திரும்பப் பிரிட்டனுக்கு, வேல்ஸில் இருக்கிற கார்டிஃப் நகரத்துக்குப் போயாக வேண்டும். போனால் படிப்பு, வேலை என்று நாள் ஓடிவிடும். மனசு இப்படி நிறைந்து கிடக்கும்போதே நன்றியைச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் டீக்கடை அண்ணன். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சேலத்தில் அந்த ஆஸ்பத்திரி எதிரே ரோட்டைத் தாண்டினால் இருக்கிற சின்னக் கடை. வார்டில் இருக்கிற ஒன்றிரண்டு பிளக் பாயிண்டுக்கு எப்போதும் அடிபிடி என்பதால், நோயாளிகளோடு வந்தவர்கள் எல்லோரும் அவர் கடையில்தான் போனை சார்ஜ் போடுவார்கள். பன் ஜாடிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் வரிசையாகப் போன்கள். மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றிலும் ஒரு ரப்பர் பேண்ட் போட்டு, பால் கணக்கு நோட்டிலிருந்து கிழித்த சீட்டில் வார்டையும் கட்டில் நம்பரையும் எழுதிச் செருகியிருப்பார். அம்மாவின் போனும் அங்கேதான் கிடந்தது.

விடியற்காலை நாலு மணிக்கு அவர் கடை திறக்கிறார். எனக்கு அது முந்தின நாள் இரவு பத்தரை. ரெஸ்டாரன்ட் கிச்சனில் வேலை முடித்து, சிட்டி ரோடு வழியாக நடந்துகொண்டே அம்மாவுக்கு போன் போட்டுக்கொண்டிருந்தேன். எடுத்தது அவர்.

"பாப்பா, உங்கம்மா போன் என் கடையில சார்ஜுல இருக்குது. அம்மா மேல இருக்காங்க. இப்பதான் ஒரு டீ குடிச்சிட்டுப் போனாங்க. அப்பாவ இன்னும் உள்ளதான் வெச்சிருக்காங்க, வெளிய கொண்டு வரல. டாக்டர் ஏழு மணிக்கு வருவாராம். அதுக்கு மேல எனக்குத் தெரியாது. ஏழரைக்கு மறுபடி கூப்புடு, அம்மாவ இங்க நிக்கச் சொல்றேன்."

அவ்வளவுதான். அதைக் கேட்டுவிட்டு நான் நடைபாதையிலேயே உட்கார்ந்து அழுதேன். சேதி வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் உண்மையான தகவல் அதுதான்.

சொந்தக்காரர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சித்தப்பா, அத்தை, பெரியம்மா எல்லோரும் என்மேல் உயிராக இருப்பவர்கள். ஆனால் யாரைக் கூப்பிட்டாலும் "ஒண்ணுமில்ல கண்ணு, எல்லாம் சரியாயிடும், நீ படிப்பப் பாரு" என்பதைத் தவிர வேறு பதிலே வரவில்லை. ஒன்றுமில்லை என்றால் ஏன் எல்லோர் குரலும் கம்முகிறது? தூரத்தில் இருக்கிற பிள்ளை பதறக் கூடாது என்று மறைக்கிறோம். அந்தப் பிள்ளை சொல்லாத ஒவ்வொன்றுக்கும் தானே ஒரு பதிலை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்கச் சாகிறது.

நான் அங்கே படிப்பது பப்ளிக் ரிலேஷன்ஸ். ஊரில் பலர் அதை விளம்பரம் என்று நினைக்கிறார்கள். எங்கள் படிப்பில் பெரும்பகுதி, கெட்டது நடந்த நேரத்தில் எப்படிப் பேசுவது என்பதுதான். 1906இல் அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ரயில் தண்ணீருக்குள் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தபோது, ஐவி லீ என்பவர் ரயில் கம்பெனி தரப்பிலிருந்து நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குத் தானே முந்திக் கொடுத்தார். விபத்து என்றால் மூடி மறைப்பதே வழக்கமாக இருந்த காலம் அது. பத்திரிகைச் செய்தி வெளியிடுகிற பழக்கத்தை அங்கிருந்துதான் தொடங்கிச் சொல்லிக் கொடுக்கிறார்கள். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், அடுத்து எப்போது பேசுவாய் என்பதையும் சொல்: இந்த மூன்றையும் நான் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். அண்ணன் மூன்றையும் ஒரே மூச்சில், பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார்.

கார்டிஃபிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம் போனால் அபர்ஃபான் என்ற ஊர் வருகிறது. நிலக்கரிச் சுரங்க ஊர். 1966 அக்டோபர் 21 காலையில், மலைமேல் கொட்டி வைத்திருந்த சுரங்கக் கழிவு சரிந்து கீழே இருந்த பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் செத்தார்கள். அதில் 116 பேர் குழந்தைகள். பாடத்தில் படித்துவிட்டு நேரிலும் போய்ப் பார்த்தேன். மலைச்சரிவில் வரிசையாக வெள்ளை வளைவுகள் வைத்த கல்லறைகள். ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவள் அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா திரும்பி வர முடியும்? அந்தக் கழிவுமேட்டுக்கு அடியில் நீரூற்று இருப்பது யாருக்கும் தெரியாது என்று சுரங்கத்தை நடத்திய நிலக்கரி வாரியத்தின் தலைவர் சொன்னார். ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. விசாரணை ஆணையமும் பழியை வாரியத்தின் மேலேயே போட்டது. அரசு அதோடும் விடவில்லை. மிச்சம் இருந்த மேடுகளை அகற்ற, ஜனங்கள் இறந்தவர்களுக்காக அனுப்பிய நிதியிலிருந்தே ஒன்றரை லட்சம் பவுண்டு எடுத்துக்கொண்டார்கள். அதைத் திருப்பிக் கொடுத்தது 1997இல். துக்கத்தில் இருப்பவர்களிடம் பொய் சொன்னால் அது எத்தனை வருஷம் நிற்கும் என்பதை அந்த ஊரில் பார்த்தேன். அதன் மறுபக்கத்தைக் காட்டியவர் இந்த அண்ணன்.

அந்த வாட்ஸ்அப் சேதி வந்த ராத்திரியையும் சொல்லியாக வேண்டும். அப்பா போட்டோவுக்கு மாலை போட்டு, ஆழ்ந்த இரங்கல் என்று எழுதி, யார் முதலில் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. அது எனக்கும் வந்தது. அம்மா எடுக்கவில்லை, சித்தப்பா எடுக்கவில்லை. கடைக்குப் போட்டேன். அதற்குள் அண்ணன் தன் நம்பரையும் எனக்குக் கொடுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் "அப்படியெல்லாம் இருக்காது" என்று சொல்லவில்லை. "நான் பாக்கல பாப்பா. இரு, போய்ப் பாத்துட்டு வர்றேன், லைன்லயே இரு" என்றார். அடுப்பைப் பையனிடம் விட்டுவிட்டு ரோட்டைத் தாண்டினார். லாரி ஹாரன் கேட்டது. தினமும் டீ கொண்டுபோகிறவர் என்பதால் செக்யூரிட்டி அவரை விட்டார். படி ஏறுகிற மூச்சு கேட்டது. யாரிடமோ மெல்லப் பேசினார். பிறகு, "கண்ணாடி வழியா பாத்துட்டேன். கண்ணத் தொறந்துதான் இருக்காரு. கால அசைக்கிறாரு. உங்கம்மா பெஞ்சில தூங்கறாங்க, எழுப்பட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன்.

ஊருக்கு வந்ததும் நேராக அவரிடம் போனேன். டீக்குக் காசு வாங்கிக்கொண்டார். வேறு எதையும் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். ஏன் இவ்வளவு செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "எந்தம்பி துபாய்ல இருந்தான். எங்கப்பா போனத அவனுக்கு மூணாம் நாள்தான் சொன்னோம். இன்னிக்கும் அதக் கேட்டு அழுவறான்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டார்.

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி மடல் எழுதலாம். பனி இறங்கிய ராத்திரியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, அடிவாரம், கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று எங்கும் நிற்காமல் ஜீப்பைக் கொண்டுவந்த மாமாவுக்கு. ரத்தம் கொடுக்க வரிசையில் நின்ற கல்லூரித் தம்பிகளுக்கு. பழம் பறிக்கிற நேரத்தில் ஒரு நாள் கூலியே பெரிது என்றிருக்க, முறை வைத்து மலை இறங்கி வந்து அம்மாவோடு படுத்துக்கொண்ட எஸ்டேட் அக்காக்களுக்கு. அப்பா வரும்வரை அவருடைய செக்ரோலை, அதாவது எஸ்டேட் ஆட்களின் வருகைக் கணக்கை, ஒரு பெயர் விடாமல் எழுதி, யார் கூலியும் நிற்காமல் பார்த்துக்கொண்ட ரைட்டர் அண்ணனுக்கு. கேட்காமலே டிக்கெட் எடுத்து அனுப்பிய பெங்களூரு நண்பர்களுக்கு. கார்டிஃபில் என் ஷிப்டுகளைப் பங்கு போட்டுக்கொண்ட கோட்டயத்துப் பெண்ணுக்கும் நைஜீரியத் தோழிக்கும். கெடு தேதியைத் தள்ளிவைத்துவிட்டு, முதலில் அப்பாவைப் பார் என்று எழுதிய என் ஆசிரியைக்கு. பேச்சே இல்லாமல் வாசலில் சூப் வைத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு: எல்லோருக்கும் நன்றி.

பயிற்சி நர்ஸ் தங்கை ஒருவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுத்த படிவம் முழுக்க இங்கிலீஷ். அந்தத் தங்கை பெஞ்சில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, வரி வரியாகத் தமிழில் படித்துச் சொல்லி, புரிந்ததா என்று கேட்டுக் கேட்டு அடுத்த வரிக்குப் போனதாக அம்மா சொன்னார். வேல்ஸில் 2011 சட்டம் வெல்ஷ் மொழிக்கு அதிகாரபூர்வ இடத்தைக் கொடுத்திருக்கிறது. ரோட்டுப் பலகை, அரசுக் கடிதம், அறிவிப்பு என்று எதை எடுத்தாலும் இரண்டு மொழி. அந்த மொழி பேசுகிறவர்கள் அங்கே சிறுபான்மைதான், இருந்தும் விடுவதில்லை. கோடிக்கணக்கில் பேசுகிறவர்கள் இருக்கிற நம் ஊரில், ஆபரேஷன் படிவத்தைப் புரிந்துகொள்ள என் அம்மாவுக்கு ஒரு பெண்ணின் நல்ல மனசு தேவைப்படுகிறது. எனக்கு இது வலிக்கிறது, மறைக்கவில்லை.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். என் ஆய்வுக்கு அழகுசாதனப் பொருள் விளம்பரம் ஒன்றை எடுப்பதாக இருந்தேன், அதை விட்டுவிட்டேன். வார்டுக்கு வெளியே காத்திருக்கிற குடும்பத்தோடு ஒரு ஆஸ்பத்திரி எப்படிப் பேச வேண்டும் என்பதுதான் இனி என் தலைப்பு. ஆசிரியையும் சரி என்றுவிட்டார். படிப்பு முடிந்ததும் சேலத்துக்கு வந்து, எந்த ஆஸ்பத்திரி கதவு திறந்தாலும் அங்கே போய்க் கேட்பேன்: ஒரு நாளைக்கு இரண்டு வேளை, குறித்த நேரத்தில், தமிழில், ஒரு ஆள் வெளியே வந்து தெரிந்ததைச் சொல்ல வேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. சம்பளமில்லாமல் ஆரம்பிக்கச் சொன்னாலும் நான் ஆரம்பிப்பேன்.

இனி அப்பாவைப் பற்றி, உள்ளதை உள்ளபடி. கைத்தாங்கலாகத் திண்ணைவரை நடக்கிறார். கஞ்சியும் இட்லியும் சாப்பிடுகிறார். வலது கையில் பிடிமானம் இன்னும் முழுசாக வரவில்லை. எப்போது வரும் என்று டாக்டரும் சொல்லவில்லை. பொங்கல் கழிந்து மறுபடி காட்டப் போகிறோம். பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வாருங்கள், ரொம்ப நேரம் பேச வைக்க வேண்டாம்.

சித்தப்பாவுக்கும் அத்தைக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு வேண்டுகோள். நான் போன பிறகு இங்கே எதுவானாலும், நல்லதோ கெட்டதோ, எனக்கு அன்றைக்கே சொல்லுங்கள். விடியற்காலை நாலு மணி என்றாலும் யோசிக்காதீர்கள். அங்கே பத்தரைதான், முழித்துத்தான் இருப்பேன்.