நிறுத்தச் சொன்னவர்களுக்கு நன்றி

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் பவர் டேபிளில் உட்கார்ந்து தைக்கிறவன் நான். ஆண்களுக்கு இருக்கிற புராஸ்டேட் என்கிற சுரப்பியில் வருகிற அழற்சி எனக்கு உண்டு. கூட வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்து உதவியவர்களுக்கு நேரில் நன்றி சொன்னால் "அட விடப்பா" என்று பேச்சை மாற்றிவிடுகிறார்கள். அதனால்தான் இந்த மடல். இதைச் சாப்பிடு, அதைச் செய் என்று சொன்னவர்களுக்குக் குறைவே இல்லை. ஆனால் எனக்கு உண்மையில் உதவியவர்கள் பெரும்பாலும் ஏதோ ஒன்றை நிறுத்தச் சொன்னவர்கள்தான்.

முதல் நன்றி எங்கள் தெரு மெடிக்கல் கடை அண்ணனுக்கு. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி, அடிக்கடி சிறுநீர், போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் நிற்கிற மாதிரி ஓர் உணர்வு. இதற்கு ஒரு கிளினிக்கில் ஆன்டிபயாடிக் எழுதினார்கள், அது முடிந்ததும் இன்னொரு கோர்ஸ். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று கல்ச்சர் மட்டும் பார்க்கவில்லை. மறுபடி அதே சீட்டோடு போனபோது அண்ணன் சீட்டைத் திருப்பி நீட்டினார். "தம்பி, இது தலைவலி மாத்திரை இல்ல. இந்த வகை மாத்திரையால சில பேருக்குக் குதிகால் தசைநாரே அறுந்துபோகும். பெரியாஸ்பத்திரிக்குப் போ" என்றார். விற்கிற சரக்கை விற்கமாட்டேன் என்று சொல்ல மனசு வேண்டும்.

கோவை அரசு மருத்துவமனையில் சிறுநீரியல் பிரிவு மருத்துவருக்கு அடுத்த நன்றி. வெளியே அத்தனை பெரிய வரிசை நின்றபோதும், ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி, பெரிய நெல்லிக்காய் அளவில் ஒரு சுரப்பி, அதுதான் புராஸ்டேட். அதை விரலால் அழுத்துவதற்கு முன்னும் பின்னும் சிறுநீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். இரண்டிலும் கிருமி இல்லை. நாள்பட்ட வலியோடு வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இப்படித்தான் இருக்கும் என்றார். "கிருமியே இல்லாதபோது கிருமிக்கு எதுக்கு மருந்து? நிறுத்துங்க." அதோடு ஓர் எச்சரிக்கையும் கொடுத்தார். திடீரென்று குளிர் காய்ச்சல் அடித்து, சிறுநீர் எரிந்து அல்லது அடைத்துக்கொண்டால் அது வேறு வகை, கிருமியால் வருவது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும், அதற்கு ஆன்டிபயாடிக் கட்டாயம் என்றார்.

ஏற்கெனவே ஒரு முகாமில் எடுத்த பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை, அதாவது புராஸ்டேட் சுரக்கிற ஒரு புரதத்தின் அளவு, கொஞ்சம் கூடியிருந்தது. அதை வைத்துப் புற்றுநோய் என்று நானே முடிவுகட்டி, தூக்கம் கெட்டுத் திரிந்தேன். அழற்சி இருந்தாலும் அந்த எண் ஏறும் என்றார். சில வாரம் கழித்து மறுபடி எடுத்தபோது இறங்கியிருந்தது.

அவர் கொடுத்த ஒரு படிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் வழியாக 1999-இல் வந்தது. எங்கே வலிக்கிறது, சிறுநீர் எப்படிப் போகிறது, போன வாரம் இதைப் பற்றியே எவ்வளவு நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்றெல்லாம் கேட்டு மதிப்பெண் போடுவது. மொத்தம் 43, கூடக் கூட மோசம். 6 குறைந்தாலே ஆளுக்கு நன்றாகத் தெரிகிற முன்னேற்றம் என்கிறார்கள். கடைசிக் கேள்வி என்னை அப்படியே நிறுத்திவிட்டது. போன வாரம் இருந்த மாதிரியே வாழ்நாள் முழுக்க இருந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பிசியோதெரபி செய்த அந்தப் பெண்ணுக்கு என் தங்கச்சி வயசுதான் இருக்கும். பிளாஸ்டிக் இடுப்பெலும்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, கூச்சமே இல்லாமல் பேசியதில் என் கூச்சமும் போய்விட்டது. பூங்காவில் யோகா மாஸ்டர் சொன்ன, ஆசனவாயைச் சுருக்கிச் சுருக்கி விடுகிற அஸ்வினி முத்திரையைத் தினமும் செய்கிறேன் என்றேன். "முதல்ல அதை நிறுத்துங்கண்ணா. ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற தசையை இன்னும் இறுக்கறீங்க" என்றது. வயிற்றில் என் கையையே வைத்து மூச்சை இழுக்கச் சொன்னது. வயிறு மேலே வரும்போது இடுப்பின் அடித்தளத் தசை கீழே இறங்கித் தளர வேண்டுமாம். எனக்கு நேர்மாறாக நடந்துகொண்டிருந்தது. பார்டர் தைக்கும்போது பல்லைக் கடிக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், நான் கீழே கடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்! இது பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது. மருந்தில் கிடைக்காத நிம்மதி இதில்தான் கிடைத்தது.

என் வீட்டுக்காரிக்கு நன்றி சொன்னால் திட்டுவாள், இருந்தாலும் சொல்கிறேன். உறவுக்குப் பிறகு வலி கூடுவதால் நான் ஒதுங்கியே இருந்ததை அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருந்தால் குடும்பமே குலைந்திருக்கும். அவள் என்னோடு மருத்துவர் அறைக்குள் வந்து உட்கார்ந்து, "ஏனுங்க டாக்டர், இது எனக்கும் ஒட்டுமுங்களா?" என்று நேராகவே கேட்டாள். ஒட்டாது, இது பால்வினை நோய் இல்லை என்று அவர் சொன்னதும், அடுத்த கேள்வி சாப்பாட்டைப் பற்றி. காரமும் காபி டீயும் சிலருக்குத் தூண்டும், சிலருக்கு ஒன்றும் செய்யாது, அவரவர் கவனித்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்கு டீ ஆகவில்லை. ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு டாக்டர் கொடுத்த வேறொரு இரவு மாத்திரையைப் போட்ட பிறகு சட்டென்று எழுந்தால் கண் இருட்டும் என்பதால், எழுந்து உட்கார்ந்து நிதானித்து நடக்க வைத்தவளும் அவள்தான். தினமும் பெரிய பேசினில் வெந்நீர் ஊற்றி வைப்பாள், கால் மணி நேரம் அதில் உட்காருவேன். ஊரே உடம்புச் சூடு என்று சொல்லி விளக்கெண்ணெயும் இளநீருமாகக் கொண்டுவந்தது. கடைசியில் சுகம் கொடுத்தது சுடுதண்ணீர்!

ஓவர்லாக் அக்கா பனியன் வேஸ்ட்டை அடைத்து, நடுவில் பள்ளம் விட்டு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தார். ஸ்டூலில் அதைப் போட்டால் வலிக்கிற இடம் அழுந்தாது. காண்ட்ராக்டர் அண்ணன் பீஸ் ரேட்டில் கைவைக்காமல், நடுநடுவே செக்கிங் டேபிளில் நின்று வேலை பார்க்க விட்டார். மூத்தவர் ஒருவர் மட்டும், லாட்ஜில் ரூம் போட்டு மாதம் ஒருநாள் பார்க்கிற வைத்தியரிடம் கூட்டிப்போகத் தயாராக நின்றார். அன்புக்கு நன்றி, ஆள் வேண்டாம்.

முழுக்கக் குணமாகிவிட்டதா என்றால் இல்லை. ஷிப்மென்ட் வாரத்தில் நைட் ஷிப்ட் சேர்ந்து வந்தால் வலி எட்டிப் பார்க்கும். அப்போது மூச்சுப் பயிற்சி, வெந்நீர், கூட இரண்டு முறை எழுந்து நடப்பது, அவ்வளவுதான். முன்பு போல் மருந்துச் சீட்டைத் தேடி ஓடுவதில்லை.

அந்தப் படிவத்தின் கேள்விகளைத் தமிழில் எழுதி ஜெராக்ஸ் எடுத்து என் டிபன் பையில் வைத்திருக்கிறேன். டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குகிற நம் லைன் ஆட்கள் யார் வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம், எதற்கு என்று கேட்கமாட்டேன்.

நன்றியுடன்,
ஒரு பவர் டேபிள் டைலர்
திருப்பூர்