ஒரு பைசா ஏட்டைத் தேடித் தந்தவர்களுக்கு நன்றி மடல்

சென்னையில் பொதுவெளி, அதாவது மக்கள் பொதுச் செய்திகளை விவாதித்துக் கருத்து உருவாக்கும் களம், உருவான வரலாற்றைப் பற்றிய என் ஆய்வேடு சென்ற மாதம் நிறைவுற்றது. தம் பெயரை எங்கும் போட வேண்டாமென்று கேட்டுக்கொண்ட நூலகப் பணியாளர் அம்மாவுக்கு என் முதல் நன்றி.

இந்தியரான முத்துசாமி ஐயர் உயர்நீதிமன்ற நீதிபதியானதை ஆங்கிலேயரின் ஏடுகள் எள்ளியதற்கு மறுமொழியாக, 1878இல் திருவல்லிக்கேணி இளைஞர் அறுவர் 80 படிகள் அச்சிட்டுத் தொடங்கிய ‘தி இந்து’, அவர்களுள் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் தமிழில் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ ஆகியவற்றோடு என் முதல் வரைவு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதைக் கேட்ட அம்மா ஒன்றும் சொல்லாமல், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் இராயப்பேட்டையிலிருந்து வெளியிட்ட ‘ஒரு பைசாத் தமிழ’னின் நகல் கட்டு ஒன்றை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். பட்டமோ பதவியோ இல்லாத ஒரு சித்த மருத்துவர், கோலார் தங்கவயல் தொடங்கி இரங்கூன் வரை வாசகரைப் பெற்று, அவர்களுடைய ஐயங்களுக்கு வாரந்தோறும் விடையளித்ததைப் படித்தபின், அறிவாளர் என்று நான் யாரையெல்லாம் எண்ணியிருந்தேனோ அந்தப் பட்டியலைத் திருத்த வேண்டியதாயிற்று. ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவரான இரட்டைமலை சீனிவாசன் 1893இலேயே ‘பறையன்’ இதழைத் தொடங்கியிருந்ததும் அதன் பிறகே என் கண்ணில் பட்டது.

வரைவைப் படித்துத் திருத்திய பேராசிரியருக்கும் கடன்பட்டிருக்கிறேன். ஐரோப்பியக் காப்பிக்கடைகளில் பொதுக்கருத்து உருவானதாக 1962இல் ஜெர்மன் மெய்யியலாளர் யூர்கன் ஹாபர்மாஸ் எழுதியதை நான் அப்படியே சென்னைக்குப் பொருத்தியிருந்தேன். “இங்கே காப்பி கிளப்பிலேயே சாதிக்கொரு பந்தி இருந்ததே, தம்பி, அங்கே யார் யாரோடு விவாதித்தார்கள்?” என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு கேள்விக்காக மூன்றாம் இயலை முழுதும் மாற்றினேன். கோபத்தோடுதான் மாற்றினேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அச்சகத்தில் முப்பதாண்டு எழுத்துக் கோத்த பெரியவர் ஒருவர், பெட்டியில் ஓர் எழுத்துத் தீர்ந்துபோனால் சொல்லையே மாற்றச் சொல்லி ஆசிரியர் முன் போய் நின்ற கதைகளைச் சொன்னார். மலிவு விலை ஏட்டை வாரந்தவறாமல் கொண்டுவருவது எத்தகைய உழைப்பென்று அவரால்தான் விளங்கியது. பார்வை மங்கிவிட்டதால், ஆய்வேட்டைத் தமக்கு உரக்கப் படித்துக்காட்டச் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.