பயந்து மார்க் போடாதே, அம்மிணி

அன்புள்ள யாழினி,

அமெரிக்காவில் வகுப்பறைக்குள் துப்பாக்கி கொண்டுவர விடுகிற சட்டத்தைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். துப்பாக்கி என்ற பேச்சு காதில் விழுந்தால் அன்றைக்கு அவளுக்குத் தூக்கம் போய்விடும். அதனால் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நான் புரிந்துகொண்ட வரையில் நடந்தது இதுதான். நீ திருத்திய மிட்டெர்ம் தேர்வில் குறைந்த மார்க் வாங்கிய பையன் ஒருவன் விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு உன் மேசைக்கு வந்தான். குரலை உயர்த்தினான். அவன் தோளில் தொங்கிய பையை விட்டு உன் கண் நகரவே இல்லை. கடைசியில் அவன் கேட்டதைக் கூட்டிப் போட்டு அனுப்பிவிட்டாய். அறையில் இருந்த உன் நண்பன், தன்னிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கிறது, தான் இருக்கும்வரை நீ பயப்படவே வேண்டாம் என்றான். அதைக் கேட்டுத் தைரியம் வந்ததா, பயம் கூடியதா என்று உனக்கே தெரியவில்லை என்றாய்.

நீ பயந்ததில் தப்பே இல்லை. மார்க்கைக் கூட்டியதுதான் என்னை உறுத்துகிறது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

டெக்சாஸில் எஸ்.பி. 11 என்ற சட்டம் 2015-இல் நிறைவேறி, ஆளுநர் கிரெக் அபட் கையெழுத்திட்டு, 2016 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. லைசென்ஸ் உள்ளவர்கள் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்துக்கொண்டு அரசுப் பல்கலைக்கழக வகுப்புக்குள் வரலாம். வெளியே தெரிந்தால்தான் குற்றம். தனியார் பல்கலைக்கழகங்கள் வேண்டாம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று சட்டத்திலேயே இடம் விட்டார்கள். ஏறக்குறைய எல்லாத் தனியார் பல்கலைக்கழகங்களும் வேண்டாம் என்றே சொல்லிவிட்டன. சொந்தமாக முடிவெடுக்க முடிந்தவர்கள் என்ன முடிவெடுத்தார்கள் என்பதை நான் முக்கியமாகப் பார்க்கிறேன். 2021-க்குப் பிறகு அந்த மாநிலத்தில் தெருவில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடக்க லைசென்ஸே தேவையில்லை என்றாகிவிட்டது. கேம்பஸுக்குள் மட்டும் இன்னும் லைசென்ஸ் வேண்டும்.

ஆஸ்டினுக்குப் போயிருந்தபோது அங்குள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின் போட்டோ அனுப்பியிருந்தாயே, நினைவிருக்கிறதா? 1966 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, தன் தாயையும் மனைவியையும் கொன்றுவிட்டு வந்த சார்லஸ் விட்மன் என்ற மாணவன் அந்தக் கோபுரத்தின் மேல்தளத்தில் ஏறி 96 நிமிடம் கீழே போகிறவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தான். சரியாக 50 வருடம் கழித்து அதே தேதியில் இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. சட்டம் வந்த அன்று காலை, விட்மன் சுடத் தொடங்கிய நேரமான 11.48-க்குக் கோபுரக் கடிகாரத்தை நிறுத்தி ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டார்கள். இறந்தவர்கள் பெயர் பொறித்த கருங்கல் நினைவுச் சின்னத்தையும் அன்றுதான் திறந்தார்கள்.

அந்த ஒரே நாளைக் காட்டித்தான் இரண்டு தரப்பும் பேசுகின்றன. 1966-இல் அங்கே இருந்தவர்கள் பலர் வேட்டைத் துப்பாக்கிகளை எடுத்து வந்து கீழிருந்து கோபுரத்தை நோக்கிச் சுட்டார்கள். மேலே ஏறிப்போய் விட்மனை வீழ்த்திய போலீஸ்காரர்களில் ஒருவரான ரமீரோ மார்ட்டினெஸ், அந்தப் பொதுமக்கள் சுட்டது உதவியாக இருந்தது என்று பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார். விட்மனால் தலையைத் தூக்கி நிதானமாகக் குறிபார்க்க முடியாமல் போனது. ஆனால் கீழிருந்து வந்த குண்டுகள் மார்ட்டினெஸ் பதுங்கியிருந்த மேல்தளத்துச் சுவரிலும்தான் பட்டுத் தெறித்தன. அன்று கோபுரத்திலிருந்து வந்த முதல் குண்டு பட்டது க்ளேர் வில்சன் என்ற கர்ப்பிணி மாணவிக்கு. வயிற்றுக் குழந்தையும் அவளுடைய காதலனும் இறந்துபோனார்கள். அந்தப் பெண் வயதான பிறகு டெக்சாஸ் சட்டமன்றத்துக்குப் போய், வகுப்பறைக்குள் துப்பாக்கி வேண்டாம் என்று சாட்சி சொன்னார். நான் அவர் பக்கம்.

உன் நண்பன் சொல்வதை அலட்சியமாகத் தள்ளிவிடவும் மாட்டேன். அவன் தரப்பில் எனக்கு மிகவும் கனமாகப் படுவது ஒன்று உண்டு. நெவாடாவில் ஒரு மாணவி 2007-இல் இரவு வகுப்பு முடிந்து கார் நிறுத்தும் இடத்துக்குப் போனபோது பாலியல் தாக்குதலுக்கு ஆளானாள். கேம்பஸ் போலீஸ் அலுவலகம் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவளிடம் லைசென்ஸ் இருந்தது. கேம்பஸில் தடை என்பதால் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். பல மாநிலச் சட்டமன்றங்களில் அவளே போய் இதைச் சொன்னாள். ஒரு பெண்ணைப் பெற்றவன் அதைப் படித்துவிட்டு, சட்டம் கொண்டு வந்தவர்கள் எல்லாம் பைத்தியக்காரர்கள் என்று சொல்ல முடியாது. லைசென்ஸ் எடுத்தவர்கள் பெரும்பாலும் சட்டத்துக்கு அடங்கி நடப்பவர்கள் என்பதும் உண்மை. சட்டம் வந்தால் வகுப்பறையில் தினமும் ரத்தம் ஓடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் சுடாத துப்பாக்கியும் ஒரு வேலை செய்கிறது. உன் மேசையில் அன்றைக்கு நடந்தது அதுதான். அந்தப் பையனிடம் துப்பாக்கி இருந்திருக்கவே வேண்டியதில்லை. இருக்கலாம் என்ற எண்ணம் போதும், உன் பேனா நகர்ந்துவிட்டது.

இது உனக்கு மட்டும் வந்த பயம் என்று நினைக்காதே. சட்டம் அமலுக்கு வருவதற்கு முன்பே, 2016 பிப்ரவரியில், ஹூஸ்டன் பல்கலைக்கழக ஆசிரியர் மன்றத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. நெருடலான விஷயங்களைப் பேசும்போது ஜாக்கிரதை, சில பாடங்களை விட்டுவிடலாம், மாணவனிடம் கோபம் தெரிந்தால் மேலே போக வேண்டாம் என்றெல்லாம் அதில் ஆசிரியர்களுக்கு யோசனை சொன்னார்கள். பாடத்தையே விட்டுவிடலாம் என்கிறார்கள், பார். ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் இருந்த, இயற்பியலில் நோபல் பரிசு வாங்கிய ஸ்டீவன் வைன்பர்க், என் வகுப்பில் துப்பாக்கியை விடமாட்டேன், வழக்குப் போட்டால் போடட்டும் என்ற தோரணையில் நின்றார். அங்கேயே கட்டடக்கலைப் புலத்தின் டீனாக இருந்த ஃப்ரிட்ஸ் ஸ்டைனர் வேறு மாநிலத்துக்கே போய்விட்டார். போனதற்கு இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்றார். டெக்சாஸ் பல்கலைக்கழகங்களின் வேந்தராக இருந்த வில்லியம் மெக்ரேவன், பின்லேடனைப் பிடிக்கப் போன நடவடிக்கையை நடத்திய கடற்படைத் தளபதி. துப்பாக்கியைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை. அவரும் இந்தச் சட்டம் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆஸ்டினில் மூன்று பேராசிரியைகள் நீதிமன்றத்துக்கே போனார்கள். துப்பாக்கி இருக்கும் என்ற பயத்தில் வகுப்பில் பேச்சு அடங்கிப்போகிறது என்பது அவர்கள் வாதம். 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குப் போட உங்களுக்கு முகாந்திரமே இல்லை என்று தள்ளிவிட்டது. அந்தப் பாதிப்பை நீதிபதிக்கு எடுத்துக்காட்ட முடியவில்லை. எனக்கு அது உன் போன் பேச்சிலேயே தெரிந்தது.

நான் பாலிடெக்னிக்கில் வேலை பார்த்த காலத்தில், ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் ஒரு பையனுக்கு இன்டர்னல் மார்க்கில் கைவைத்தேன். செய்முறை நோட்டை அப்படியே இன்னொருவனைப் பார்த்து எழுதியிருந்தான். நண்பனுடைய தப்பான கூட்டலைக்கூட விடாமல் எழுதியிருந்தான். சாயங்காலம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து என் மேசையை ஓங்கித் தட்டினான். டீ டம்ளர் உருண்டு வருகைப் பதிவேடு முழுக்க நனைந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். நான் உட்கார்ந்தபடியே, "நோட்டைப் பிரி, இந்த வரி எப்படி வந்ததுன்னு சொல்லு" என்றேன். சொல்ல முடியவில்லை. கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான். மறுநாள் வாசலில் நின்றுகொண்டு, "சார், வேற நோட்டு எழுதித் தரட்டுமா" என்றான். அவனுக்கு வந்த கோபம் அந்த ராத்திரியோடு தீர்ந்துபோனது. கையில் ஒன்றும் இல்லாததால் தீர அவகாசம் கிடைத்தது. எனக்கும் உட்கார்ந்தபடி பேச முடிந்தது.

நம் ஊர்க் கல்லூரிகள் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. சென்னையில் பஸ் ரூட்டுக்காக மாணவர்கள் கத்தியோடு ஓடியதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் கத்தியை ஓர் உரிமையாகப் பையில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்காரலாம் என்று இங்கே யாரும் சட்டம் போடவில்லை. தேர்தல் அறிவித்துவிட்டால் தோட்டம் வைத்திருப்பவர்கள் லைசென்ஸ் துப்பாக்கியையே ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கிற ஊர் இது. சூடான நேரத்தில் ஆயுதம் எட்டத்தில் இருக்கட்டும் என்ற எண்ணத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள்.

உனக்கு ஜி.வி. லோகநாதன் பெயரை முன்பே சொல்லியிருக்கிறேன். கோபிக்குப் பக்கத்தில் கரட்டடிபாளையத்துக்காரர், கோவை பி.எஸ்.ஜி.யில் படித்தவர், நீரியலில் பெரிய ஆள். 2007 ஏப்ரல் 16 காலை விர்ஜினியா டெக்கில் நாரிஸ் கட்டடத்தின் 206-ஆம் அறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அன்று அந்தப் பல்கலைக்கழகத்தில் போன உயிர் 32. நம் பக்கத்து மனிதர், என் துறைக்காரர், கரும்பலகைக்கு முன்னால் நின்றபடி போய்விட்டார். மறுநாள் பேப்பரில் படித்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் மணி அடித்தும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மாணவர்களுக்கும் துப்பாக்கி உரிமை வேண்டும் என்று கேட்கிற இயக்கம் அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கிளம்பியது. அறையில் ஒருவரிடமாவது இருந்திருந்தால் என்று கேட்டார்கள். துக்கத்தில் வருகிற கேள்விதான். எனக்கு வேறு கேள்வி வந்தது. மனநலக் காரணத்துக்காக, அன்று சுட்ட மாணவனுக்குச் சிகிச்சை வேண்டும் என்று 2005-லேயே நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அந்தத் தகவல், துப்பாக்கி வாங்க வருகிறவர்களைச் சோதிக்கிற மத்திய அரசுப் பட்டியலுக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் கடையில் முறைப்படி பணம் கொடுத்தே துப்பாக்கி வாங்கினான். அவனைத் தடுத்திருக்க வேண்டிய இடம் அந்தக் கடை. அதை விட்டுவிட்டு, நீரியல் படிக்க வந்த பிள்ளைகளைச் சண்டைக்குத் தயாராக உட்காரச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2015 அக்டோபரில் ஆரிகன் மாநிலத்தில் அம்ப்குவா கம்யூனிட்டி கல்லூரியில் ஒன்பது பேர் கொல்லப்பட்டபோது, ராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வந்த ஒரு மாணவரிடம் கேம்பஸிலேயே துப்பாக்கி இருந்தது. அவர் வெளியே ஓடவில்லை. வருகிற போலீஸ் தன்னையே குற்றவாளி என்று நினைத்துச் சுட்டுவிடலாம் என்று யோசித்து நின்றார். சரியான முடிவு. பயிற்சி பெற்றவர் அவர். உன் நண்பனுக்கு அந்த நிதானம் வருமா என்று அவனே யோசிக்கட்டும்.

விபத்தும் இருக்கிறது. ஐடஹோ மாநிலத்தில் இதே மாதிரிச் சட்டம் 2014 ஜூலையில் அமலுக்கு வந்தது; செப்டம்பர் ஆரம்பத்தில், வகுப்பு நடக்கும்போதே, ஓர் உதவிப் பேராசிரியர் பாக்கெட்டில் இருந்த துப்பாக்கி வெடித்து அவர் காலிலேயே குண்டு பாய்ந்தது. டெக்சாஸில் சட்டம் வந்த அடுத்த மாதமே டார்ல்டன் பல்கலைக்கழக விடுதி அறையில் ஒரு மாணவனின் துப்பாக்கி தவறி வெடித்தது. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. ஆஸ்டின் பல்கலைக்கழகத் தலைவர் கிரெகரி ஃபென்வெஸ், சுடத் தயாராகக் குண்டு ஏற்றிய நிலையில் கொண்டுவரக் கூடாது என்றாவது ஒரு விதி வைக்கப் பார்த்தார். மேலே இருந்த நிர்வாகக் குழு அதையும் எடுத்துவிட்டது.

இன்னொன்றைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. ஆராய்ச்சி மாணவர்களின் மனச்சோர்வைப் பற்றி நீயே எனக்கு எவ்வளவோ சொல்லியிருக்கிறாய். கையெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருந்தால், மனம் மாறிப் பிழைத்து வர வழியே இருக்காது. உன் நண்பனுக்காகவும்தான் இதைச் சொல்கிறேன். அவன் கொஞ்ச நாளாகத் தூங்குவதில்லை என்றாயே, அவனிடம் உட்கார்ந்து பேசு.

அப்புறம் உன் சங்கதி. உன்னைப் போல எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க அந்த நாட்டு மத்தியச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விலக்குகள்தான். நண்பர்கள் சுடும் பயிற்சி மைதானத்துக்குக் கூப்பிட்டால், ஒரு போட்டோவுக்காகக்கூடக் கையில் வாங்காதே. "இதைக் கொஞ்சம் வை, வருகிறேன்" என்று யார் பையைக் கொடுத்தாலும் வாங்காதே. விசாவே போய்விடும்.

ஆஸ்டினில் தனி அறை வைத்திருக்கிற ஆசிரியர், என் அறைக்குள் துப்பாக்கியோடு வராதே என்று வாயால் சொல்லித் தடுக்கலாம். உன்னை மாதிரி, பேராசிரியருக்கு உதவியாகப் பாடம் பார்க்கிற டி.ஏ. நாலு பேர் ஒரே அறையில் உட்கார்ந்தால் அந்த வசதி இல்லை. உங்கள் விதியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வை. மார்க் பற்றிய புகாரை எழுத்தில் மட்டும்தான் வாங்குவேன், விடைத்தாள் கொடுத்து ஒரு நாள் கழித்துத்தான் வாங்குவேன் என்று வகுப்பில் சொல்லிவிடு. பேச வேண்டியிருந்தால் ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில், பேராசிரியர் இருக்கும்போது வை. யாராவது மிரட்டுகிற மாதிரி இருந்தால் எழுந்து வெளியே போய்விடு, மானம் போகாது. பிறகு கேம்பஸ் போலீஸைக் கூப்பிடு.

அந்த விடைத்தாளை மட்டும் விட்டுவிடாதே. பேராசிரியரிடம் போய், பயத்தில் கூட்டிப் போட்டேன் என்று உள்ளபடி சொல்லு. வெட்கப்பட ஒன்றும் இல்லை. அவரே திருத்தித் தரட்டும். அந்தப் பையன் கேட்டால் அவர் பதில் சொல்லட்டும். அதே கேள்விக்கு அதே தப்பைச் செய்துவிட்டு, குரலை உயர்த்தாமல் பேசாமல் போன பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருப்பார்கள் இல்லையா? அவர்கள் தாளையும் எடுத்துப் பார்.

பேராசிரியர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா