எந்த நாளில் ரத்தம் எடுத்தார்கள்?

அன்புள்ள பாப்பா,

மூன்று வாரமாக நான் எப்போது கூப்பிட்டாலும் "நல்லா இருக்கேம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ பாதியில் கட் பண்ண முடியாது.

முதலில் மாப்பிள்ளையைத் திட்டாதே. ரிப்போர்ட்டை அவராக அனுப்பவில்லை, நான்தான் நச்சரித்து வாங்கினேன். அதிலும் ஒரு பக்கம்தான் வந்தது. சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் ரத்தத்தில் பார்க்கிற சிஏ 125, 86 யூனிட். ஸ்கேன் பக்கம் வரவில்லை. அதை அனுப்பவில்லையா, அனுப்ப வேண்டாம் என்று நீ சொன்னாயா, கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதை மட்டும் சொல். எந்த நாளில் ரத்தம் எடுத்தார்கள்? மாதவிலக்கின்போதா, முடிந்த பிறகா?

31 வருடம் லேபில் ரத்தக் குழாய்களோடு இருந்தவள் கேட்கிறேன். சிஏ 125 புற்றுநோய் மட்டும் சுரக்கிற பொருள் இல்லை. வயிற்றுக்குள் விரித்திருக்கிற சவ்வு, நுரையீரலையும் இதயத்தையும் மூடியிருக்கிற உறை, கர்ப்பப்பையின் உட்சுவர் எல்லாமே அந்தப் புரதத்தை உண்டாக்கும். அங்கே எரிச்சலோ வீக்கமோ வந்தாலும் ரத்தத்தில் ஏறும். மாதவிலக்கில் ஏறும், கர்ப்பத்தின் முதல் மாதங்களில் ஏறும். நார்க்கட்டி, இடுப்புப் பகுதித் தொற்று, வயிற்றுக் காசநோய், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோர்ப்பது, எதிலும் ஏறும். எண்டோமெட்ரியோசிஸில், அதாவது கர்ப்பப்பையின் உட்சுவர் மாதிரியான திசு வெளியே வளர்ந்து வலி தருகிற நோயில், 86 எல்லாம் நாங்கள் அடிக்கடி பார்த்த எண். உன் வயதில், மாதவிலக்கு நிற்காத பெண்ணுக்கு, இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டு எந்த நல்ல டாக்டரும் முடிவு சொல்ல மாட்டார்.

ரிப்போர்ட்டில் 35-க்கு மேல் தடித்த எழுத்தில் அச்சாகும். 1983-ல் ராபர்ட் பாஸ்ட் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் இந்தப் பரிசோதனையை வெளியிட்டபோது வந்த எல்லை அது. அன்றைக்கே நோயில்லாதவர்களில் நூற்றில் ஒருவர் அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தார். இதன் மறுபக்கத்தையும் மறைக்க மாட்டேன். சினைப்பைப் புற்றுநோய் முதல் கட்டத்தில் இருக்கும்போது ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு சாதாரணமாகவே இருக்கும். ஏறினால் நோய் என்றும் இல்லை, ஏறாவிட்டால் நோயில்லை என்றும் இல்லை. பிரிட்டனில் மாதவிலக்கு நின்ற 2 லட்சம் பெண்களை வைத்து, சிலருக்கு வருடா வருடம் இதே ரத்தப் பரிசோதனை, சிலருக்கு ஸ்கேன் என்று பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. சாவு குறையவில்லை. எல்லோருக்கும் எடுத்துப் பார்க்கிற பரிசோதனை இல்லை இது. தொந்தரவு இருப்பவருக்கு ஸ்கேனோடு சேர்த்துப் பார்ப்பதற்கும், நோய் உறுதியானவருக்கு மருந்து கேட்கிறதா என்று பின்தொடர்வதற்கும்தான்.

மறுபடி எடுக்கச் சொன்னால் அதே லேபில் கொடு. கம்பெனிக்குக் கம்பெனி கிட் வேறு, எண்ணும் வேறாக வரும். அங்கே 86, இங்கே 60 என்றால் குறைந்தது என்று அர்த்தம் இல்லை. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை போடுகிறாயே, அதை டாக்டரிடம் சொல். சில மெஷின்களில் அது அளவைக் குறைத்துக் காட்டிவிடும். அதே லேப், மறக்காதே. மாதவிலக்கு முடிந்த பிறகு.

நீ எல்லாவற்றையும் தனியாகவே சமாளிப்பவள். அதைப் பத்துப் பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது அதுவே உறுத்துகிறது. ஒரு வரி அம்மாவுக்குச் சொல்லக்கூடாதா? ஆனால் எந்த வாயால் கேட்பேன்? ஒன்பதாம் வகுப்பில் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சுருண்டு கிடந்தாய். "எல்லாப் பொம்பளைக்கும் வர்றதுதான்" என்று மாத்திரை கொடுத்துப் பரீட்சைக்கு அனுப்பினேன். ஊரார் ரத்தத்தையெல்லாம் நுணுக்கிப் பார்த்தவள், பெற்ற மகளின் வலியை ஒரு நாளும் கணக்கில் எடுக்கவில்லை. அன்றே காட்டியிருந்தால் எண்டோமெட்ரியோசிஸா இல்லையா என்று எப்போதோ தெரிந்திருக்கும்.

இதை எழுத உட்கார்ந்ததே வேறு ஒன்றுக்காக. நாலு நாளாக அதைத் தள்ளிப்போட்டுக் கிட்டையும் மெஷினையும் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்டிருப்பார். இல்லை என்று சொல்லியிருப்பாய். உனக்குத் தெரிந்தது அதுதான். சின்னச் சித்தி போனது குடல் புண்ணால் இல்லை, பாப்பா. சினைப்பைப் புற்றுநோய். பெரியம்மாவுக்கு மார்பில் எடுத்ததும் வெறும் கட்டி இல்லை. வெளியே தெரிய வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவர்கள் போய் எத்தனையோ வருடமாகிவிட்டது, நான் மட்டும் அந்த வார்த்தையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். சித்தி என்னிடம்தான் முதலில் சொன்னாள், வயிறு எப்போதும் உப்பிக்கொண்டே இருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது என்று. வாயுத் தொல்லை என்றேன். லேபில் வேலை பார்க்கும் அக்கா சொன்னதால் அவள் நம்பினாள். அடுத்த ஏழு மாதம் எங்கும் காட்டவில்லை.

உன்னிடம் மறைத்தது அவளுக்காக இல்லை, எனக்காக.

ஒரே தாய் வயிற்றுப் பெண்களில் ஒருத்திக்கு மார்பிலும் ஒருத்திக்குச் சினைப்பையிலும் வந்தால், பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 என்ற மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முதலில் நோய் வந்தவருக்குப் பார்ப்பதுதான் முறை. பெரியம்மாவிடம் நேற்றுப் பேசினேன். அழுதாள், பிறகு சரி என்றாள். அவளுக்கு இருந்தால் அடுத்து நான். எனக்கு இருந்தால் உனக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, இல்லையென்றால் அந்த வழியில் உனக்கு வர வாய்ப்பில்லை. இதனால் உன் 86 புற்றுநோயாகிவிடாது. ஆனால் டாக்டருக்கு இது தெரியாமல் அவர் எதையும் முடிவு செய்யக்கூடாது. நாளைக்கே சொல். என்னைப் பற்றி அவர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை.

ஸ்கேன் பக்கத்தை நீயே அனுப்பு. எந்த நாளில் எடுத்தார்கள் என்பதையும் எழுது. திட்டவேண்டும் என்றால் போனில் திட்டு, நான் வைக்க மாட்டேன்.

அம்மா

பி.கு: படிவத்தில் வயதும் கேட்பார்கள். சித்திக்கு 44. பெரியம்மாவுக்கு அப்போது 39.