கறியைக் குறை மாப்ளே

ஏற்காடு
ஞாயிறு

மாப்ளே,

உன் கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். மிளகு இந்த வருஷம் சுமார்தான். பெரியவர் இன்னும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டு வரை போய் வருகிறார். நலம் விசாரிப்பு முடிந்தது, விஷயத்துக்கு வா.

கிரேஹவுண்ட் பந்தய நாய் ஜோடி வாங்கியதற்கு வாழ்த்து எழுதத்தான் உட்கார்ந்தேன். உன் தீனிப் பட்டியலைப் பார்த்ததும் வாழ்த்து திட்டாக மாறிவிட்டது. ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ மாட்டுக்கறி, ஆறு முட்டை, ஒரு லிட்டர் பால், ஊறவைத்த பாதாம், ஈரல், போதாதென்று வைட்டமின் மாத்திரை வேறு. பந்தயத்துக்கு விடுகிறாயா, பெண் பார்க்க அனுப்புகிறாயா?

500 மீட்டரை நல்ல கிரேஹவுண்ட் 30 நொடிக்குப் பக்கத்தில் முடித்துவிடும். அந்த 30 நொடிக்குள் மூச்சுக்காற்றை வைத்துக் கொழுப்பை எரிக்க நேரமே கிடையாது. தசைக்குள் ஏற்கெனவே சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்கிற சர்க்கரைச் சேமிப்புதான் பெரும்பாலும் எரிகிறது. அது நிரம்ப மாவுச்சத்து வேண்டும். பனிச்சறுக்கு வண்டி இழுக்கிற நாய் நாள் முழுக்க ஓடும், அதற்குக் கொழுப்பு அதிகம் வேண்டும். அந்தத் தீனியைப் படித்துவிட்டு இதற்குப் போடுகிறவர்கள் நிறைய. கறி கூடினால் தட்டில் மாவுச்சத்துக்கு இடமில்லாமல் போகிறது. மிஞ்சிய புரதம் யூரியாவாகிச் சிறுநீரில் போகும், போகும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். சித்திரை வெயிலில் சேலத்தில் அது சின்ன விஷயமில்லை.

நான் கதை விடவில்லை. புளோரிடா பல்கலைக்கழகத்தில் பந்தய கிரேஹவுண்டுகளை வைத்தே சோதித்திருக்கிறார்கள். மொத்தக் கலோரியில் 24 சதவீதம் புரதத்திலிருந்து வந்தபோது ஓடிய வேகம், அதை 37 சதவீதம் ஆக்கியதும் குறைந்துவிட்டது. வைட்டமின் சி தினம் 1 கிராம் கொடுத்துப் பார்த்தது 2002-ல் வெளிவந்தது: 500 மீட்டரில் 0.2 நொடி தாமதம், அதாவது முடிவுக் கோட்டில் ஏறக்குறைய 3 மீட்டர் பின்னால். நாயின் ஈரலே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும், உன் மாத்திரை யாருக்கு? எனக்கு ரொம்பப் பிடித்தது 2005-ல் வந்த சோதனை. வயிறு முட்டத் தின்றால் எவ்வளவு தின்னுமோ அதில் 85 சதவீதம் மட்டும் போட்டார்கள். எடை 6 சதவீதம் போல இறங்கியது, வேகம் கூடியது. நீ எதைக் கூட்டலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறாய். குறைக்க வேண்டியதைப் பற்றித்தான் நான் எழுத முடியும்.

30 கிலோ எடையுள்ள, பயிற்சியில் இருக்கும் நாய்க்கு நாளைக்கு 1,900 கலோரி போதும். கொழுப்பு சீவிய, எலும்பில்லாத கறி 250 கிராம். நல்ல பாக்கெட் தீனி 300 கிராம். பாக்கெட்டின் பின்பக்கம் புரதம் 24 முதல் 26 சதவீதம் வரை, கொழுப்பு 12 முதல் 14 சதவீதம் வரை போட்டிருக்க வேண்டும். குழைய வெந்த சோறு 250 கிராம், அரிசியாக அளந்தால் 90 கிராம் வரும். சூரியகாந்தி எண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி. இந்தக் கணக்கில் மொத்தக் கலோரியில் புரதம் கால் பங்கை ஒட்டியும் கொழுப்பு மூன்றில் ஒரு பங்காகவும் நிற்கும், மீதி மாவுச்சத்து.

கறியைக் கொஞ்சம் தண்ணீரில் 10 நிமிஷம் வேகவிடு. உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். அந்தத் தண்ணீரைக் கொட்டாதே. வெதுவெதுப்பாக ஆறியதும் பாக்கெட் தீனி மேல் ஊற்றி 15 நிமிஷம் ஊறவை. இப்படி நனைத்துப் போட்டால் தண்ணீர் குடிக்கச் சோம்பல்படுகிற நாய்க்கும் தண்ணீர் உள்ளே போய்விடும். பிறகு சோறு, எண்ணெய். காலையில் மூன்றில் ஒரு பங்கு, சாயங்காலம் மீதி. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் உண்டு, கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் 250 கிராம் கறிக்கு முட்டை ஓட்டுப் பொடி கால் டீஸ்பூன் சேர். ஓட்டைக் கொதிக்கவைத்துக் காயவைத்து மாவாக அரைக்க வேண்டும், நொறுக்கிப் போட்டால் அப்படியே வெளியே வந்துவிடும். ஈரல் வாரத்துக்கு ஒரு நாள், 100 கிராம். தினம் போட்டால் வைட்டமின் ஏ உடம்பில் தேங்கும். முட்டை வேண்டுமென்றால் வேகவைத்து ஒன்று போடு, அந்த அளவுக்குக் கறியைக் குறைத்துக்கொள். மேட்டூர் கெண்டையைப் பச்சையாகப் போடலாமா என்று கேட்டிருந்தாய். கூடாது. பச்சைக் கெண்டையில் தயமின் என்கிற பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் இருக்கிறது. வேகவைத்தால் அது போய்விடும், முள்ளை மட்டும் எடுத்துவிடு.

உன் பங்காளி மில்லிலிருந்து மரவள்ளித் திப்பி, அதாவது மாவு எடுத்தபின் மிஞ்சுகிற சக்கை, சும்மா கிடைக்கிறது என்று எழுதினாயே, அதைத் தொடவே தொடாதே. அது மாட்டுக்குச் சரி. நாய்க்குப் பச்சை மாவுச்சத்து செரிக்காது, பெருங்குடலில் போய்ப் புளித்துக் கழிச்சல்தான் வரும். பச்சை மரவள்ளியில் சயனைடு விஷம் வேறு. நன்றாக வெந்த ஜவ்வரிசி தப்பில்லை, ஆனால் சோற்றைவிட அதில் ஒன்றும் கூடுதலாக இல்லை. கம்பங்கூழைக் காய்ச்சிக் குடித்தே நம்மூர்ச் சிப்பிப்பாறை நாயும் கன்னி நாயும் முயலை விரட்டவில்லையா என்று அடுத்த கடிதத்தில் எழுதுவாய். காய்ச்சினது என்று நீயே சொல்லிவிட்டாய் பார்.

செத்த மாட்டுக்கறி மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் விரட்டிவிடு. இதில் விளையாட்டே இல்லை. மாட்டுக்குப் போட்ட வலி ஊசி அந்தக் கறியில் மிச்சமிருக்கும். பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவு அழிந்தது டைக்ளோஃபெனாக் என்கிற வலி ஊசி போட்ட மாடுகளைத் தின்றுதான். மாட்டுக்கு அதைப் போடுவதை 2006-ல் தடை செய்தார்கள். நாயின் குடலும் சிறுநீரகமும் இந்த மாதிரி மருந்தைத் தாங்காது. அமெரிக்கப் பந்தயக் கூடங்களில் இப்படிப்பட்ட கறியைப் பச்சையாகப் போட்டு, தோல் புண்ணாகி சிறுநீரகம் கெட்டுச் செத்த நாய்கள் உண்டு. கசாப்புக் கடையில் அன்றைக்கு வெட்டியதை வாங்கு.

மீந்த பிரியாணியைத் தங்கச்சி போடுகிறாள் போலிருக்கிறது. வெங்காயம் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும், அடியோடு நிறுத்தச் சொல். திராட்சை, சாக்லேட் இரண்டும் விஷம். கசகசா அரைத்த குருமாவும் வேண்டாம். வெளிநாட்டில் கசகசா தூவிய ரொட்டியைத் தின்ற நாயின் சிறுநீரில் மார்ஃபின் வந்து மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் அனுப்புகிற காபிப் பொடியையும் நாய் எட்டாத இடத்தில் வை, அதிலுள்ள காஃபீன் பந்தயத்தில் தடை, அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து.

பந்தயம் காலையில் என்றால் முந்தின சாயங்காலம் 6 மணித் தீனியே கடைசி, அப்புறம் தண்ணீர் மட்டும். மத்தியானத்துக்கு மேல் என்றால், 6 மணி நேரம் முன்னால் இளகலாக 150 கிராம். நெஞ்சு ஆழமான ஜாதி இது. நிறைந்த வயிற்றோடு ஓடவிட்டால் இரைப்பை முறுக்கிக்கொள்ளும். வயிறு பறை மாதிரி உப்பி, வாந்தி வராமல் குமட்டி, நிலைகொள்ளாமல் தவித்தால் அந்த நிமிஷமே டாக்டரிடம் போக வேண்டும். விடியட்டும் என்றால் நாய் இருக்காது. ஓடி முடித்ததும் 10 நிமிஷம் நடத்து, வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்று, குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு. நமக்கு வியர்ப்பதுபோல் அதற்கு வியர்க்காது, இழப்பது பெரும்பாலும் தண்ணீர்தான், அதனால் உப்புக் கரைசலை ஊற்றிக்கொண்டிருக்காதே. மூச்சு அடங்கியதும், அரை மணிக்குள் நீர்த்த அரிசிக் கஞ்சி ஒரு டம்ளர். தசை அப்போதுதான் சர்க்கரையை வேகமாக உறிஞ்சும். முழுத் தீனி 2 மணி நேரம் கழித்து. ஓடிய பிறகு சிறுநீர் காபி நிறத்தில் போனால் தசை உடைகிறது என்று அர்த்தம், அதைத் தீனியால் சரிசெய்ய முடியாது, உடனே டாக்டர்.

எதையும் ஒரே நாளில் மாற்றிவிடாதே. 7 முதல் 10 நாளில் பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டு. மலம் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல உதிர்ந்தால் கால்சியம் அதிகம். இளகினால் முதலில் எண்ணெயைக் குறை. வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், தீனிக்கு முன் எடை போடு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முந்தின பந்தய எடையிலிருந்து 1 கிலோவுக்கு மேல் மாறினால் நாயைக் களத்தில் விடவே மாட்டார்கள். கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரிய வேண்டும், இடுப்பெலும்பு முனை லேசாகத் தெரிய வேண்டும். பார்க்கிறவர்கள் நாய்க்குச் சோறே போடவில்லையா என்பார்கள். தங்கச்சியும் சொல்வாள். காதில் வாங்காதே.

இவ்வளவுக்கும் முன்னால் பூச்சி மருந்து. தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு மலம் கொண்டுபோய்ப் பார்த்துவிடு. ரத்தமும் எடுத்தால் கிரேஹவுண்ட் என்று சீட்டிலேயே எழுதச் சொல். சிவப்பணு அளவு 50 முதல் 65 சதவீதம் வரை இந்த ஜாதிக்குச் சாதாரணம், தைராய்டு குறைவாகக் காட்டுவதும் இயல்பு. தெரியாதவர் பார்த்தால் இல்லாத நோய்க்கு மாத்திரை எழுதிவிடுவார், நீயும் ஆசையாகப் போடுவாய்.

இரண்டு நாயின் எடையையும் தனித்தனியாகப் போட்டு எழுது. பொட்டைக்கு 26 கிலோதான் இருக்கும் என்று நினைக்கிறேன், அதற்கு இதே அளவைப் போடாதே; எடை தெரிந்ததும் கணக்குப் போட்டு அனுப்புகிறேன். மாத்திரை டப்பாவை மட்டும் இன்றைக்கே கடைக்காரரிடம் திருப்பிக் கொடு, வாங்கிக்கொள்வார்.

உன்
மலைக்காரன்