ஊரவருக்கும் வந்தவருக்கும் ஒரே விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுதொழில் செய்பவர்கள் முகநூலில் விளம்பரம் போடப் பழகவேண்டும் என்று உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை எங்கள் கடையில் எல்லோரும் வாசித்தோம். அம்மம்மா தொடங்கி, அம்மா நடத்தி, இப்போது நானும் தம்பியும் சேர்ந்து பார்க்கும் கருவாட்டுக் கடை எங்களுடையது. விளம்பரம் நல்லதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. கடைக்கு வரும் எல்லோருக்கும் ஒரே விலை வைத்து, அதைப் பலகையில் எழுதித் தொங்கவிட வேண்டும். திருகோணமலையில் இதைச் செய்யாத கடைகள் இன்னும் நிறைய.

எங்கள் ஊர் வியாபாரம் இரண்டு பருவத்து வியாபாரம். தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலத்தில் கிழக்குக் கடல் அடங்கிக் கிடக்கும். மேற்குக் கரை மீனவர்களும் வந்து கரையில் குடில் கட்டி வாடி போடுவார்கள். மீன் மலியும், வெயில் எறிக்கும், கருவாடு நன்றாகக் காயும். அதே மாதங்களில்தான் கோணேசர் கோவிலுக்கும் நிலாவெளிக்கும் கன்னியாவுக்கும் பஸ் பஸ்ஸாகச் சனம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் காயவைக்க வெயிலும் இல்லை, வெளியூர்ச் சனமும் இல்லை. தை பிறக்கும்வரை கடையைத் தாங்குவது உவர்மலை, கிண்ணியா, தம்பலகாமம் ஆட்கள்தான். கந்தசஷ்டி ஆறு நாளும் எங்கள் சைவ வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்பதையும் கணக்கில் வைத்தே சரக்கு எடுப்போம்.

பயணம் வந்தவர் திரும்பி வரவா போகிறார் என்று அவருக்கு ஒரு விலை, ஊரவருக்கு ஒரு விலை சொல்லும் பழக்கம் இங்கே உண்டு. அம்மாவின் கணக்கு வேறு. பயணத்தில் வாங்கிப்போகும் கருவாடு ஒரு வீட்டோடு நிற்காது. அயலுக்கும் சகோதரங்களுக்கும் பங்கு போகும். சாப்பிட்டவர் எவ்வளவுக்கு வாங்கினாய் என்று கட்டாயம் கேட்பார். அந்த விலை நியாயமாக இருந்தால் அடுத்த முறை அந்த வீடுகளில் ஒருவர் எங்கள் கடையை விசாரித்துக்கொண்டு வருவார். பௌர்ணமிப் போயா விடுமுறையில் கண்டிப் பக்கத்திலிருந்து வரும் குடும்பங்கள் பல எங்களுக்கு இப்படித்தான் கிடைத்தன. ஆட்களை இறக்கிவிடுவதற்கு கொமிஷன் கேட்கும் வான் சாரதிகளுக்கு நாங்கள் இதுவரை கொடுத்ததில்லை. கொடுத்தால் அதையும் வாங்குபவரின் தலையில்தான் ஏற்றவேண்டும்.

விலைக்கு அடுத்தது, பொருளை அறியக் கற்றுக்கொடுப்பது. நன்றாகக் காய்ந்த நெத்தலியை வளைத்தால் சட்டென்று முறியும். ஈரம் இருந்தால் துவளும். ஈரக் கருவாடு நிறை கூடுதலாக நிற்கும், அதனால் கிலோ விலை மலிவாகத் தெரியும், வீட்டுக்குப் போய் ஒரு கிழமையில் பூஞ்சணம் பிடிக்கும். உப்பு கூடினாலும் அதே கதைதான். வாங்குபவர் உப்புக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறார். கட்டா, பாரை, திருக்கை என்று ஒவ்வொரு மீனின் கருவாட்டையும் தம்பி கையில் கொடுத்து முகர்ந்து பார்க்கச் சொல்வான், நெத்தலியை முறித்துப் பார்க்கச் சொல்வான். ஒருமுறை இதைப் பழகியவர் வேறெங்கும் ஈரக் கருவாட்டை ஏமாந்து வாங்கமாட்டார், எங்களிடமும் வாங்கமாட்டார். இதைவிடப் பெரிய விளம்பரம் எனக்குத் தெரியவில்லை.

2022 ஓகஸ்டில், மீன்பிடிப் படகுகளுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியது. படகுகள் பல கரையில் கிடந்தன. கிடைத்த கொஞ்ச மீனும் கொள்ளை விலை. உப்பைக் கூட்டவோ பழைய சரக்கைப் புதியதோடு கலக்கவோ அம்மா விடவில்லை. விலையை ஏற்றி, ஏன் ஏற்றினோம் என்று மூன்று மொழியிலும் பலகையில் எழுதினோம். கிலோவாக வாங்க முடியாதவர்களுக்காக 100 கிராம் பொதிகள் கட்டினோம். நாட்கூலிக்குப் போகும் குடும்பங்கள் அந்தச் சின்னப் பொதியை நம்பித்தான் அந்த மாதங்களில் எங்களிடம் வந்தன. இன்றைக்கும் மாரி காலத்தில் அதிகம் போவது அதுதான்.

விலைப்பட்டியலை எல்லோருக்கும் தெரியும்படி வைக்கவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமே சொல்கிறது. சட்டத்துக்குப் பயந்து வைப்பதை விட, வியாபாரம் பெருகும் என்று தெரிந்து வைத்தால் அது நிலைக்கும். வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்கவும் படம் பிடித்துப் போடவும் இளையவர்கள் தாங்களாகவே பழகிவிடுகிறார்கள். தராசு, ஈரம், விலைப்பலகை இவற்றைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. சிறுதொழில் பயிற்சிகளை ஒழுங்கு செய்பவர்கள் ஒரு காலைப்பொழுதையாவது இதற்கு ஒதுக்கவேண்டும். திருகோணமலையில் அப்படியொரு பயிற்சி நடந்தால் கருவாட்டையும் தராசையும் எடுத்துக்கொண்டு வந்து சொல்லிக்கொடுக்க அம்மா ஆயத்தமாக இருக்கிறார். அவருக்குச் சிங்களமும் நன்றாகப் பேசவரும்.

இப்படிக்கு,
கருவாட்டுக் கடைக்காரி ஒருத்தி,
திருகோணமலை